கோபாலை ஏன் உடனே ரிட்டயர் பண்ண முடியாது? மெயின்ஃப்ரேம் மாற்றம் பற்றி ஒரு பாடம்



ஃபைனல் இயர் வந்தாலே கேன்டீன்ல அடிக்கடி காதுல விழுற கேள்வி இது: "மச்சான், கம்பெனியில சேர்ந்ததும் மெயின்ஃப்ரேம் ப்ராஜெக்ட்ல போட்டுட்டா என்னடா பண்றது?" கேட்கிறவன் முகத்தைப் பார்த்தா, ஏதோ மியூசியத்துல வாட்ச்மேன் வேலை கிடைச்ச மாதிரி இருக்கும்.

சென்னை, கோயம்புத்தூர் ஐடி கம்பெனிகளுக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வங்கி, இன்சூரன்ஸ் வாடிக்கையாளர்கள் நிறைய. அவங்கள்ல பலரோட கணக்கு வழக்கு இன்னும் மெயின்ஃப்ரேம்லதான் ஓடுது. அதனால நம்ம பேட்ச்லயும் சில பேருக்கு அந்த வேலை வரும். அதுவும் பழசைப் பராமரிக்கிற வேலையா மட்டும் இல்லாம, பழசைப் புதுசுக்கு மாத்துற வேலையா வர வாய்ப்பு அதிகம். ஆங்கிலத்துல இதுக்கு 'மாடர்னைசேஷன்'னு பேரு.

"அறுபது வருஷப் பழைய மொழி. ஜாவாவில திருப்பி எழுதிட்டா முடிஞ்சது. இதுல என்ன பெரிய விஷயம்?" இந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை. சுருக்கமா இப்பவே சொல்லிடறேன்: மொழியை மாற்றுவது கஷ்டம் இல்லை. புதுசு பழசு மாதிரியே நடந்துக்குதுன்னு நிரூபிப்பதுதான் கஷ்டம்.

முதலில், இது என்ன மெஷின்?

ஐபிஎம் கம்பெனி 1964 ஏப்ரல் 7 அன்று சிஸ்டம்/360 என்ற கம்ப்யூட்டர் குடும்பத்தை அறிவிச்சது. அதுக்கு முன்னாடி ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனியா புரோகிராம் எழுதணும். 360 வந்த பிறகு சின்ன மாடலுக்கு எழுதினது பெரிய மாடலிலும் ஓடும். அந்த வாக்குறுதியை ஐபிஎம் இன்னிக்கு வரைக்கும் காப்பாத்திட்டு வருது. அதனால நிறைய நிறுவனங்கள் மெஷினை மட்டும் புதுசா வாங்கி, புரோகிராமைத் தொடாமலே விட்டுட்டாங்க. மெயின்ஃப்ரேம்னா பழைய டப்பா என்று நினைக்க வேண்டாம். ஐபிஎம் 2022லும் 2025லும் புது மெயின்ஃப்ரேம் மாடல் வெளியிட்டிருக்கு. பழசா இருக்கிறது மெஷின் இல்லை, உள்ளே ஓடுற கோட்.

அந்தக் கோடில் பெரும்பகுதி எழுதப்பட்ட மொழி கோபால். தமிழ்ல எழுதினா பக்கத்து வீட்டு அண்ணன் பேரு மாதிரி இருக்கும், பரவாயில்லை. 1959ல் ஒரு கமிட்டி சேர்ந்து உருவாக்கிய மொழி இது. கிரேஸ் ஹாப்பர் அதற்கு முன்பே செய்திருந்த 'ஃப்ளோ-மேட்டிக்' மொழிதான் இதற்கு முக்கியமான அடிப்படை. வியாபாரக் கணக்கு பார்க்கிறவங்க படிச்சா புரியற மாதிரி, ஆங்கில வாக்கியம் போலவே இருக்கணும் என்பது நோக்கம்.

வேலை ரெண்டு விதமா நடக்கும். பகல்ல ஏடிஎம், கவுன்ட்டர் மாதிரி உடனுக்குடன் நடப்பது ஆன்லைன். ராத்திரி வட்டி போடுவது, ஸ்டேட்மென்ட் தயாரிப்பது மாதிரி மொத்தமா நடப்பது பேட்ச். இந்தியாவுல கோர் பேங்கிங் பரவலா வந்தது 2000க்கு அப்புறம்தான், பெரும்பாலும் யூனிக்ஸ் வகை சர்வர்ல ஓடுற ரெடிமேட் மென்பொருளோட. அதனால நமக்கு மெயின்ஃப்ரேம் கண்ணுல அதிகம் படல. மேலை நாட்டு வங்கிகள் 1960கள்லயே கம்ப்யூட்டருக்கு மாறினவங்க. முதல்ல வந்தவங்க தலையிலதான் பழைய சுமை அதிகம்.

ஒரு பைசா கணக்கு

இப்போ ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பேனா எடுத்துக்கோங்க.

சேமிப்புக் கணக்குல 10,000 ரூபாய் இருக்கு. வருஷத்துக்கு 4 சதவீதம் வட்டி. ஒரு நாள் வட்டி எவ்வளவு? 10,000ஐ 4ஆல் பெருக்கி, 100ஆல் வகுத்து, அப்புறம் 365ஆல் வகுத்தா 1.09589... ரூபாய்.

கோபாலில் இந்த விடையை ரெண்டு தசம இடம் உள்ள ஃபீல்டில் போட்டால் என்ன ஆகும்? 'ரவுண்டட்' என்ற ஒரு வார்த்தையை புரோகிராமர் எழுதியிருந்தா 1.10. எழுதலைன்னா மீதியை அப்படியே வெட்டிடும், 1.09. எர்ரர் எதுவும் வராது.

இதையே ஒருத்தர் ஜாவாவில் திருப்பி எழுதுறார். நல்ல பையன், பணத்துக்கு ஃப்ளோட் பயன்படுத்தக் கூடாதுன்னு தெரியும் (0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினா 0.30000000000000004 வர்ற கதை நமக்குத் தெரிஞ்சதுதானே). அதனால பிக்டெசிமல் எடுத்து, பள்ளிக்கூடத்துல படிச்ச மாதிரி பாதிக்கு மேல் இருந்தா மேலே ஏத்தி ரவுண்ட் பண்றார். விடை 1.10.

வித்தியாசம் ஒரு பைசா. இப்படி 50 லட்சம் கணக்கு இருந்தா ஒரு நாளைக்கு 50,000 ரூபாய். ஒரு வருஷத்துக்கு 1 கோடியே 82.5 லட்சம்.

சரி, எது சரியான விடை? கணக்கு டீச்சர்கிட்ட கேட்டா 1.10. ஆனா அந்த வங்கி முப்பது வருஷமா 1.09தான் கொடுத்திருக்கு. ஸ்டேட்மென்ட், வரிப்பிடித்தம், ஆடிட் எல்லாமே அதை வெச்சுத்தான் நடந்திருக்கு. புதுசு 1.10 கொடுத்தா ராத்திரியே லெட்ஜர் டேலி ஆகாது. ஆக, பழைய கோடில் ஒரு வார்த்தை *இல்லாதது* கூட ஒரு பிசினஸ் விதி. எழுதினவர் தெரிஞ்சு விட்டாரா, மறந்து விட்டாரா? அவர் எப்பவோ ரிட்டயர் ஆகிட்டார்.

டேட்டாவை காப்பி பண்ணினா போதாதா?

அதுலயும் வம்பு இருக்கு. மூணு விஷயம் மட்டும் பார்ப்போம்.

ஒன்று, எழுத்துக் குறியீடு. நாம படிச்சது ஆஸ்கி. ஐபிஎம் மெயின்ஃப்ரேம் பயன்படுத்துவது எப்சிடிக். ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஏ' ஆஸ்கியில் 65, எப்சிடிக்கில் 193. எண் '1' ஆஸ்கியில் 49, எப்சிடிக்கில் 241. ஒரு டேபிள் வெச்சு மாத்திடலாம், பிரச்சினை அது இல்லை. வரிசைதான் பிரச்சினை. ஆஸ்கியில் முதலில் எண்கள், பிறகு பெரிய எழுத்து, பிறகு சின்ன எழுத்து. எப்சிடிக்கில் இது அப்படியே தலைகீழ்: சின்ன எழுத்து, பெரிய எழுத்து, கடைசியில் எண்கள். 'ஏ101', '2101' என்று ரெண்டு கணக்கு எண்ணை சார்ட் பண்ணினா, மெயின்ஃப்ரேமில் 'ஏ101' முதலில் வரும், லினக்ஸில் '2101' முதலில் வரும். பேட்ச் புரோகிராம்கள் ரெண்டு ஃபைலை வரிசைப்படுத்தி பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒப்பிடும். ஒரு ஃபைல் பழைய வரிசை, இன்னொன்று புது வரிசை என்றால், இருக்கிற வாடிக்கையாளரையே 'காணோம்'னு சொல்லிடும்.

இன்னொரு வேடிக்கை: எப்சிடிக்கில் 'ஐ' 201, அடுத்த எழுத்தான 'ஜே' 209. நடுவுல ஓட்டை! 'ஐ'யோட ஒன்றைக் கூட்டினா 'ஜே' வரும்னு யாராவது லூப் எழுதினா, அது ஒரு மெஷினில் மட்டும்தான் வேலை செய்யும்.

ரெண்டு, பேக்டு டெசிமல். 12345.67 என்ற தொகையைச் சேமிக்கணும். ஒவ்வொரு இலக்கத்துக்கும் அரை பைட், கடைசியில் ப்ளஸ்ஸா மைனஸா என்று சொல்ல அரை பைட். 7 இலக்கம், 1 குறி, மொத்தம் 4 பைட். தசமப் புள்ளி? அது எங்கேயும் சேமிக்கப்படாது! 'ரெண்டு இலக்கத்துக்கு முன்னாடி புள்ளி இருப்பதா வெச்சுக்கோ' என்று காப்பிபுக் எனப்படும் தனி ஃபைலில் எழுதியிருக்கும். காப்பிபுக் தொலைஞ்சா தொகை 12,345.67 ரூபாயா, 12,34,567 ரூபாயா என்று டேட்டாவைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது.

மூணு, மேலே சொன்ன ரெண்டும் சேர்ந்து வர்ற கூத்து. ஒரு ஃபைலை டெக்ஸ்ட் மோடில் லினக்ஸுக்கு அனுப்பினா, ஒவ்வொரு பைட்டையும் எழுத்துன்னு நினைச்சு எப்சிடிக்கிலிருந்து ஆஸ்கிக்கு மாத்தும். பெயர், ஊர் எல்லாம் அழகா வரும். பேக்டு டெசிமலில் இருக்கிற தொகை மட்டும் சிதைஞ்சு போயிருக்கும். திறந்து பார்க்கிறவர் முதல் பத்து பெயரைப் பார்த்துட்டு "சூப்பர், டேட்டா வந்துடுச்சு"ன்னு சொல்லிடுவார்.

கோடுக்குள்ள ஒளிஞ்சிருக்கும் விதிகள்

இதெல்லாம் டெக்னிக்கல் சமாச்சாரம், லிஸ்ட் போட்டுப் பிடிச்சிடலாம். பிடிக்க முடியாதது மனுஷங்க வெச்ச விதி. ஒரு கற்பனை உதாரணம்: கிளை எண் 999 வந்தா கட்டணம் பிடிக்காதே என்று ஒரு 'இஃப்' இருக்கு. கமென்ட் இல்லை. எதுக்குன்னு யாருக்கும் தெரியாது. 1987ல் ஏதோ ஒரு கிளை மூடினப்போ, அந்த வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த சலுகையா இருக்கலாம். தேவையில்லைன்னு தூக்கினா, மறுநாள் காலையில பென்ஷன் வாங்குற ஒரு பாட்டி கணக்குல கட்டணம் பிடிச்சிருக்கும்.

நம்ம வீட்டுப் பாட்டி குழம்பு வைக்கிற மாதிரிதான். 'கொஞ்சம்', 'ஒரு கை' என்றுதான் அளவு. வெச்சுக் காட்டச் சொன்னா வெச்சுக் காட்டுவாங்க, எழுதிக் கொடுன்னா முடியாது. பழைய சிஸ்டத்தோட டாக்குமென்ட்டும் அந்தப் பழைய சிஸ்டமேதான்.

"இப்பதான் ஏஐ இருக்கே?" நல்ல கேள்வி. கோபாலை ஜாவாவாக மாற்ற உதவும் ஏஐ கருவியை ஐபிஎம்மே 2023ல் அறிவிச்சது. கோடைப் படிச்சு விளக்கவும், முதல் வரைவு எழுதவும் இது ரொம்ப உதவும். ஆனா கிளை 999க்கு ஏன் சலுகை என்று கோடிலேயே இல்லாதபோது ஏஐ எங்கேயிருந்து எடுக்கும்? மொழிபெயர்ப்பு வேகமாகும். நிரூபிக்கும் வேலை அப்படியே இருக்கும்.

டிஎஸ்பி: ஒரு வார இறுதியில் நடந்தது

போலீஸ் டிஎஸ்பி இல்லைங்க, பிரிட்டனில் இருக்கிற ஒரு வங்கி. லாய்ட்ஸ் வங்கிக் குழுமத்திலிருந்து 2013ல் தனியாகப் பிரிஞ்சது. 2015ல் ஸ்பெயினின் சபடெல் வங்கி அதை வாங்கிச்சு. ஆனா கணக்குகள் எல்லாம் இன்னும் லாய்ட்ஸோட கம்ப்யூட்டர்லதான். தனிக்குடித்தனம் போன பிறகும் மாமனார் வீட்டு சமையலறையிலேயே சமைக்கிற நிலைமை, அதுக்குக் காசும் கட்டிக்கிட்டு. அதனால சபடெலின் ஐடி பிரிவு தயாரிச்ச புது அமைப்புக்கு மாறுவது என்று முடிவு. 2017 நவம்பரில் மாற வேண்டியது, தள்ளிப்போச்சு.

2018 ஏப்ரல் 20 வெள்ளி முதல் 22 ஞாயிறு வரை. சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்கள். பெரும்பகுதியை ஒரே வார இறுதியில் மாத்துறாங்க. இந்த முறைக்கு 'பிக் பேங்' என்று பேரு.

இதுல கவனிக்க வேண்டியது: டேட்டா சரியாத்தான் போய்ச் சேர்ந்தது. பிரிட்டனின் நிதிக் கட்டுப்பாட்டு அமைப்பே அப்படித்தான் சொல்லுது. ஆனா மக்கள் உள்ளே வந்ததும் புது அமைப்பு தாங்கல. 19 லட்சம் பேர் வரைக்கும் ஆன்லைன்ல தங்கள் கணக்கையே திறக்க முடியல. சிலருக்கு அடுத்தவங்க கணக்கு திரையில் தெரிஞ்சது. கிளைகளும் தடுமாறின, போன் லைனும் தடுமாறிச்சு. எல்லாம் வழக்க நிலைக்குத் திரும்ப டிசம்பர் ஆச்சு. எட்டு மாசம்!

அப்புறம் வங்கியின் இயக்குநர் குழுவே ஏற்பாடு செய்த விசாரணை அறிக்கை 2019 நவம்பரில் வந்தது. அதில் ஒரு விஷயம் நம்ம எல்லாருக்கும் பாடம். புது அமைப்புக்கு ரெண்டு டேட்டா சென்டர், ரெண்டும் ஒரே நேரத்துல இயங்கணும். ஆனா எவ்வளவு கூட்டத்தைத் தாங்கும் என்ற சோதனை ஒன்றில் மட்டும்தான் நடந்திருந்தது. பெரும்பாலும் ஒரே தவணையில் மாற்றும் முடிவையும் அந்த அறிக்கை கேள்வி கேட்டது.

2018ல் மட்டும் இந்தக் கோளாறுக்கான செலவு 33 கோடி பவுண்டு. 2022 டிசம்பரில் ரெண்டு கட்டுப்பாட்டு அமைப்புகளும் சேர்ந்து போட்ட அபராதம் 4 கோடியே 86.5 லட்சம் பவுண்டு. அதற்கும் மேலே, 2023ல் அப்போதைய தலைமைத் தகவல் அதிகாரிக்குத் தனிப்பட்ட முறையில் 81,620 பவுண்டு அபராதம். வெளியிலிருந்து அமைப்பைச் செய்து தருபவர்கள் "தயார்"னு சொன்னதை அவர் போதுமான அளவு சரிபார்க்கலை என்பது காரணம். 'வெண்டார் ரெடின்னு சொன்னான் சார்' என்பது பதில் ஆகாது.

எண்கள் ஒரு பக்கம். அந்த ஏப்ரலில் சம்பளம், வீட்டு வாடகை, கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டிய பணம் எல்லாம் திரைக்குப் பின்னாடி மாட்டிக்கிட்ட மக்களை யோசிச்சுப் பாருங்க. நம்ம ஒரு டெஸ்ட் கேஸை ஸ்கிப் பண்றப்போ, அந்தப் பக்கம் இருப்பது அவங்கதான்.

பனைமேல் ஆலமரம்

அப்போ எப்படித்தான் மாத்துறது? மார்ட்டின் ஃபவுலர் 2004ல் ஒரு முறைக்குப் பேர் வெச்சார்: 'ஸ்ட்ராங்லர் ஃபிக்'. ஆஸ்திரேலியக் காட்டில் ஒரு மரத்து மேலே அத்தி வகைச் செடி முளைச்சு, வேரைக் கீழே இறக்கி, கொஞ்சம் கொஞ்சமா சுத்தி வளைச்சு, கடைசியில தானே மரமா நிற்பதைப் பார்த்து வந்த யோசனை. நமக்கு ஆஸ்திரேலியா போக வேண்டாம். ஊர்ப் பக்கம் பனைமரத்து மேல ஆலங்கன்று முளைச்சு பனையையே மூடி நிற்பதைப் பார்த்திருப்பீங்களே, அதேதான்.

படிகள் இப்படி:

1. பழைய சிஸ்டத்துக்கு முன்னாடி ஒரு வாசல் வையுங்க. எல்லா கோரிக்கையும் அது வழியாத்தான் போகணும். ஆரம்பத்துல எல்லாத்தையும் பழசுக்கே அனுப்பும்.

2. சின்னதா ஒரு வேலையை மட்டும் புதுசா எழுதுங்க. உதாரணமா, பேலன்ஸ் காட்டுவது. பணம் நகராது, தப்பானாலும் சேதம் குறைவு.

3. ரெண்டையும் சேர்த்து ஓட்டுங்க. ஒரே உள்ளீடு ரெண்டுக்கும் போகும். வாடிக்கையாளருக்குப் பழசோட பதில்தான். ராத்திரி ரெண்டு விடையையும் ஒப்பிடுங்க. இதுதான் பேரலல் ரன்.

4. வித்தியாசம் வந்தா அது மூணுல ஒண்ணு: புதுசுல தப்பு, பழசுல தப்பு, இல்லைன்னா யாருக்கும் தெரியாத ஒரு விதி. மூணாவதுதான் புதையல். கிளை 999 கதை இங்கேதான் வெளிய வரும், அதுவும் பாட்டிக்கு எந்தப் பாதிப்பும் இல்லாம.

5. மாசக் கடைசி, வருஷக் கடைசி பேட்ச்சும் தாண்டி வித்தியாசம் இல்லைன்னு ஆன பிறகு, வாசல்ல திசையை மாத்துங்க. முதல்ல ஊழியர்கள் கணக்கு, அப்புறம் ஒரு சதவீதம், அப்புறம் மத்தவங்க. பிரச்சினைன்னா திரும்பப் பழசுக்கே திருப்பிடலாம்.

6. அடுத்த வேலையை எடுங்க.

இதுலயும் விலை உண்டு. ரெண்டு சிஸ்டத்தையும் வருஷக்கணக்கா சேர்த்து ஓட்டணும், ரெண்டுக்கும் செலவு. ஒரு தகவல் ரெண்டு இடத்துல இருக்கும்போது எது சொல்வது வேதவாக்கு என்று தெளிவா முடிவு பண்ணணும், இல்லைன்னா ரெண்டும் தனித்தனி பேலன்ஸ் காட்டும். பாதியிலேயே பட்ஜெட் தீர்ந்தா, பனையும் இருக்கும் ஆலும் இருக்கும், பராமரிப்பு ரெட்டிப்பு.

ஆஸ்திரேலியாவின் காமன்வெல்த் வங்கி 2008ல் தன் கோர் பேங்கிங்கை மாத்த ஆரம்பிச்சது. நாலு வருஷம், 58 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்பது திட்டம். கணக்கு வகை கணக்கு வகையா மாத்தினாங்க. காலமும் நீண்டது, செலவும் 100 கோடி டாலரைத் தாண்டிச்சு. ஆனா 'ஒரு வார இறுதியில் வங்கியே முடங்கிச்சு' என்ற தலைப்புச் செய்தி வரல. படிப்படியா மாத்துறது மலிவு இல்லை. ஆனா தப்பு நடந்தா, அது சின்ன தப்பா இருக்கும்.

எல்லாத்தையும் மாத்தியே ஆகணும்னும் இல்லை. நல்லா ஓடுற, அடிக்கடி மாறாத பகுதியை அப்படியே விட்டு, மேலே ஒரு ஏபிஐ போர்த்தினாலே போதும். மெஷின் செலவு மட்டும் பிரச்சினைன்னா, அதே கோபாலை கம்பைல் பண்ணி வேற சர்வர்ல ஓட்டலாம். வாரா வாரம் மாறுற பகுதியைத்தான் திருப்பி எழுதுவது லாபம். 'பழசா இருக்கு' என்பது மட்டும் மாத்துறதுக்குக் காரணம் ஆகாது.

நீங்களே செஞ்சு பாருங்க

வீக்எண்ட் ஹோம்வொர்க், மார்க் கிடையாது:

லேப்டாப்புல குனு கோபால் இலவசமா கிடைக்குது, போட்டுக்கோங்க. மேலே பார்த்த வட்டிக் கணக்கை 'ரவுண்டட்' போட்டும் போடாமலும் எழுதுங்க. அதையே ஜாவாவிலோ பைத்தானிலோ எழுதுங்க. 1 ரூபாயில் ஆரம்பிச்சு 1 லட்சம் வரைக்கும் ஒவ்வொரு ரூபாய் பேலன்ஸுக்கும் விடையை ஃபைலில் போட்டு, 'டிஃப்' கமாண்டில் ஒப்பிடுங்க. எத்தனை வரி மாறுதுன்னு பாருங்க. நீங்க இப்போ செஞ்சதுக்குப் பேருதான் பேரலல் ரன்.

நிஜ மெயின்ஃப்ரேமையே தொட்டுப் பார்க்கணும்னா, ஐபிஎம் இசட் எக்ஸ்ப்ளோர் என்ற பயிற்சித் தளம் இலவசமா இருக்கு. பிரவுசரும் விஎஸ் கோடும் இருந்தா போதும்.

அப்படியே மெயின்ஃப்ரேம் ப்ராஜெக்ட்ல போட்டுட்டா, முதல் வாரம் டீம்ல இருக்கிற மூத்த அண்ணன், அக்கா பக்கத்துல உட்கார்ந்து ஒவ்வொரு 'இஃப்'க்கும் "இது எதுக்குங்க?"ன்னு கேட்டு நோட்டுல எழுதி வையுங்க. அவங்க ரிட்டயர் ஆகறதுக்கு முன்னாடி எழுதின அந்த நோட்டுதான் அந்த ப்ராஜெக்ட்லயே காஸ்ட்லியான டாக்குமென்ட்டா இருக்கும்.

'டிஃப்' ரிசல்ட் எத்தனை வரி வந்துச்சுன்னு நம்ம இதழுக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த இதழ்ல சேர்ந்து அலசலாம்!